தூணோடு கட்டிய ஜெட் ஸ்கீ

2023ஆம் வருடம் டிசம்பர் 4, திங்கட்கிழமை, காலை ஆறு மணி இருபது நிமிடம். முதல் நாள் தொடங்கிய மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. காற்று வடக்கிலிருந்து அடித்தது. மின்சாரம் இரவே போய்விட்டது. சென்னை அடையாறில் எங்கள் அபார்ட்மெண்டின் பேஸ்மெண்ட்டுக்கு இறங்கும் சரிவில் குடையோடு நின்று, என் மகனுடைய ஜெட் ஸ்கீ இருந்த இடத்தைப் பார்த்தேன். கைப்பிடியின் நுனிகூடத் தெரியவில்லை. பழுப்புத் தண்ணீர்மேல் யாருடைய வீட்டுத் துடைப்பமோ ஒன்று மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

ஜெட் ஸ்கீ என்பது தண்ணீரில் ஓடும் ஸ்கூட்டர். கால்களை இரண்டு பக்கமும் போட்டு உட்கார்ந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். அடியில் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும். அந்த வேகத்தில் முன்னால் பாயும். மிதப்பதற்கென்றே செய்த வண்டி. எட்டு வீடுகள், ஐந்து கார்கள், பதின்மூன்று இருசக்கர வாகனங்கள் உள்ள அந்தக் கட்டடத்தில் மிதக்கத் தெரிந்தது அது ஒன்றுதான். அது மட்டும்தான் மூழ்கியது. மற்ற வண்டிகளையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே பாலத்துக்கு மேல் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள்.

மகனுக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. தரமணியில் ஒரு கம்பெனியில் பதினொரு வருடம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவன், ஒரு நாள் கழுத்துப் பட்டையோடு அடையாள அட்டையைக் கழற்றிச் சாப்பாட்டு மேசைமேல் ஊறுகாய்ப் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, இனிமேல் போகப்போவதில்லை என்றான். சேமிப்போடு வங்கிக் கடனும் சேர்த்து, கோவாவிலிருந்து இந்த வண்டியைப் பழைய வண்டி விலைக்கு வாங்கி வந்தான். முட்டுக்காட்டைத் தாண்டி உப்பங்கழியில் சனி, ஞாயிறுகளில் ஆட்களை ஏற்றிச் சுற்றிக் காட்டினான். நான் அவனோடு பத்தொன்பது நாள் பேசாமல் இருந்தேன். இருபதாம் நாள் அவனே என்னைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பின்னால் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டினான். மிதவைச் சட்டையின் மூன்று கொக்கிகளையும் நான் இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன். ஏழு நிமிடம் ஓடியது. அந்த ஏழு நிமிடமும் அவன் முதுகு சிரித்துக்கொண்டிருந்தது. முகத்தைப் பார்க்க முடியாவிட்டாலும் எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு நான் அந்தத் தொழிலைப் பற்றிக் குறை சொல்லவில்லை. எச்சரிக்கை சொன்னேன், அது வேறு.

அந்த டிசம்பரில் அவனுக்கு ஒரு வாய்ப்பு வந்திருந்தது. உப்பங்கழிக் கரையில் உள்ள ஒரு விடுதியின் முதலாளி, கிறிஸ்துமஸ் விடுமுறையிலிருந்து தன் படகுத்துறையை அவனுக்கே கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டும். ஓட்டிக் காட்டினால் இடம் இவனுக்கு. இல்லாவிட்டால் காத்திருக்கும் இன்னொருவருக்கு. இடம் கிடைக்கவில்லையென்றால் துபாயிலிருந்து வந்திருக்கும் வேலையை ஒப்புக்கொண்டு போய்விடுவேன் என்று அவன் அம்மாவிடம் சொல்லியிருந்தான். அவள் என்னிடம் சொன்னாள். ஒரே பிள்ளை.

புயல் அறிவிப்பு வந்த சனிக்கிழமை நான் அவனுக்குப் பதினொரு முறை போன் செய்தேன். வண்டியைக் கழியில் விடாதே, வீட்டுக்குக் கொண்டுவா என்றேன். பத்து முறை சரி என்று வைத்துவிட்டான். பதினொன்றாவது முறை, "அப்பா, இது தண்ணியில போற வண்டி. தண்ணிக்குப் பயந்து இத வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்றீங்களே, நியாயமா?" என்றான். ஆனால் கொண்டுவந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை நண்பனுடைய ஜீப்பில் டிரெய்லரை மாட்டி இழுத்து வந்து, பேஸ்மெண்ட்டில் எங்கள் கார் நிற்கும் இடத்தில் நிறுத்தினான். நண்பன் ஜீப்பை எடுத்துக்கொண்டு கே.கே. நகருக்குப் போய்விட்டான். இனி அதை மேலே இழுக்க வண்டியும் இல்லை, ஆளும் இல்லை.

மத்தியானம் எனக்குத் தூக்கம் வரவில்லை. பேஸ்மெண்ட்டில் தண்ணீர் வந்தால் இந்த வண்டி மிதக்கும். மிதந்தால் டிரெய்லரோடு நகரும். நகர்ந்தால் கிழக்குச் சுவரில் உள்ள எட்டு மின்சார மீட்டர்களில் இடிக்கும். இடித்தால் யார் பொறுப்பு? துணிக்கொடி கட்டியதுபோக மிச்சம் வைத்திருந்த நைலான் கயிறு நாற்பதடி இருந்தது. அதை எடுத்துக்கொண்டு கீழே போனேன். வண்டியை டிரெய்லரோடு சேர்த்து, டிரெய்லரைத் தூணின் அடியோடு சேர்த்து, ஏழு சுற்றுச் சுற்றி, லாரிக்காரர்கள் சரக்குக்குப் போடுகிற முடிச்சைப் போட்டேன். மகன் வந்து பார்த்தான். யார் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள், யானையா என்று கேட்டுச் சிரித்துவிட்டு மேலே போனான். அவிழ்க்கவில்லை. அவிழ்த்தால் நான் மறுபடி வந்து கட்டுவேன் என்று அவனுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை காலை அவன் என் குடைக்கு வெளியே நனைந்துகொண்டு நின்றான். கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தான். பிறகு, கணக்குக் கேட்கிற மாதிரி, கோபமே இல்லாமல் கேட்டான்.

"கட்டாம இருந்திருந்தா மிதந்திருக்கும், இல்லப்பா?"

"மிதந்திருக்கும்" என்றேன்.

நான் கட்டிய கட்டு நல்ல கட்டு. ஒரு சுற்றுக்கூட நெகிழவில்லை. மீட்டர் பலகையும் எப்படியும் முழுகித்தான் போயிருந்தது. அன்று சாயங்காலம் உப்பங்கழியிலிருந்து ஒருவர் போன் செய்து, அங்கே விட்டிருந்த படகுகள் எதற்கும் ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னார். மகன் ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

செவ்வாய் முழுவதும் தண்ணீர் நின்றது. புதன்கிழமை குடியிருப்போர் சங்கத்தார் டீசல் பம்ப் கொண்டுவந்து இறைத்தார்கள். பதினொரு மணிக்கு வண்டியின் இருக்கை தெரிந்தது. ஒன்றே காலுக்கு டிரெய்லரின் சக்கரம் தெரிந்தது. பம்புக்காரர்களும் கைகொடுக்க மேலே இழுத்துக் கொண்டுவந்து இருக்கையைத் தூக்கினால் உள்ளே விளிம்புவரை கறுப்புத் தண்ணீர். அதில் ஒரு கால் செருப்பு, பால் பாக்கெட் உறைகள், முழுத் தேங்காய் ஒன்று. தேங்காய் எப்படி உள்ளே போனது என்று நான் இன்றுவரை யோசிக்கிறேன். இருக்கைக்கும் உடம்புக்கும் நடுவே அவ்வளவு இடைவெளி கிடையாது.

இங்கே என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பத்து மூன்று வருடம் நான் மோட்டார் வாகன இன்ஷூரன்ஸ் சர்வேயர். அடிபட்ட வண்டியை, எரிந்த வண்டியை, தண்ணீரில் நின்ற வண்டியைப் போய்ப் பார்த்து, நஷ்டம் எவ்வளவு, கொடுக்கலாமா கூடாதா என்று எழுதித்தருவது தொழில். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் முதலில் சேற்றுக் கோடு எதுவரை இருக்கிறது என்று சாக்பீஸால் குறிப்போம். அடுத்தது, உரிமையாளர் சாவியைத் திருப்பினாரா என்று பார்ப்போம். திருப்பியிருந்தால் போச்சு. பிஸ்டன் மேலே ஏறும்போது காற்றை அமுக்கும். தண்ணீரை அமுக்க முடியாது. மேலே வழி இல்லை, கீழிருந்து தள்ளும் விசையோ நிற்காது. நடுவில் இருக்கிற கனெக்டிங் ராட் வளைந்துவிடும். தண்ணீர் செய்த நஷ்டம் வேறு, திருப்பியவர் செய்த நஷ்டம் வேறு. பின்னதற்கு நாங்கள் பணம் கொடுப்பதில்லை. என் கையால் அப்படி மறுத்து எழுதியவை தொண்ணூற்றாறு வண்டிகள். வேளச்சேரியில் ஒருவர் என் முன்னாலேயே அழுதார். நான் எழுதியதை மாற்றவில்லை.

ஆகவே மூழ்கிய என்ஜினை என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கைதான் பழக்கமில்லை.

ஊரூர் குப்பத்தில் மீன்பிடிப் படகுகளின் என்ஜின்களைப் பழுதுபார்க்கும் மெக்கானிக் ஒருவர் இருந்தார். மகன் வண்டியை அவரிடம்தான் காட்டுவான். போன் செய்தோம். குப்பத்திலும் நாலைந்து என்ஜின் தண்ணீர் குடித்திருந்தது. "சார், இங்க ஆளாளுக்கு என் கழுத்துல கைய வெச்சிகினு கீறாங்க. அடுத்த செவ்வாய்க்குள்ள நான் உயிரோட இருந்தா வரேன்" என்றார். செவ்வாய் என்றால் பன்னிரண்டாம் தேதி. ஞாயிறு பத்தாம் தேதி. நாமே செய்துவிடலாம் என்று மகன் சொன்னான். நான் தலையாட்டினேன். கயிறு கட்டியவன் வேறு என்ன செய்ய முடியும்?

புதன் மத்தியானத்திலிருந்து வெள்ளி இரவுவரை இரண்டு பேரும் அந்த வண்டியோடு இருந்தோம். மூன்று ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றினோம். பிளக் இல்லாமல் என்ஜினைச் சுற்றியபோது மூன்று துளைகளிலிருந்தும் தண்ணீர் ஆளுயரம் பீய்ச்சி, எதிரே நின்ற என் கண்ணாடியில் அடித்தது. மகன் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தான். ஆயிலை இறக்கினால் டீக்கடைப் பால் டீயைப் போல வந்தது. புது ஆயில் ஊற்றி, சுற்றி, இறக்கி, மறுபடி ஊற்றினோம். மூன்றாம் தடவை தேன் நிறத்தில் வந்தது. பெட்ரோல் தொட்டியைக் காலிசெய்தோம். வயர் இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, வியாழக்கிழமை மின்சாரம் திரும்பியதும் என் மனைவியின் ஹேர் டிரையரால் காயவைத்தோம். பிளக்குகளை அவன் சமையலறைக்குக் கொண்டுபோய்த் தோசைக்கல்லில் வைத்துச் சூடுபண்ணினான். இனிமேல் அந்தக் கல்லில் நீங்கள் இரண்டு பேர் மட்டும் தோசை சாப்பிடுங்கள் என்று அவள் சொல்லிவிட்டு, அன்றே புதுக் கல் வாங்க மயிலாப்பூருக்குப் புறப்பட்டாள்.

அவனோடு அப்படி மூன்று நாள் சேர்ந்தாற்போல் நான் இருந்தது, அவன் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சைக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. இப்போது நினைத்தால் அந்த மூன்று நாளையும் நான் பேசியே கெடுத்தேன். அந்த ஸ்பேனர் வேண்டாம், மரை போய்விடும். அதைக் கீழே வைக்காதே, மண் ஒட்டும். பெட்ரோல் வாளி பக்கத்தில் போன் பேசாதே. ஜாக்கிரதை, ஜாக்கிரதை. கயிறு கட்டிய குற்றத்தை வாயால் ஈடுகட்டிவிடலாம் என்று நினைத்தேனோ என்னவோ. அவன் எல்லாவற்றுக்கும் 'ம்' என்றான்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் சட்டை மாட்டிக்கொண்டு இறங்கினபோது அவன் படிக்கட்டில் காத்திருந்தான்.

"அப்பா, கோச்சுக்காதீங்க. நேத்து ஒரு நாள் மட்டும் நாப்பத்தோரு தடவை ஜாக்கிரதைன்னு சொன்னீங்க. உங்க பையன்தானே, நானும் எண்ணிட்டேன். இன்னிக்கு மட்டும் ஒண்ணும் சொல்லாம உக்காந்து பாருங்க. நீங்க சொல்லச் சொல்ல எனக்குக் கை நடுங்குது."

சரி என்றேன். எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் நியாயம் அவன் பக்கம். வாட்ச்மேனுடைய பிளாஸ்டிக் நாற்காலியை வேப்பமரத்தடியில் போட்டு உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் பேசாமல் இருக்கிறேன் என்று கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது மணிவரை பிசகில்லை.

அன்று அவன் நண்பர்கள் மூன்று பேர் வந்திருந்தார்கள், அவர்களில் ஜீப் வைத்திருப்பவனும் ஒருவன். வேலையெல்லாம் முடிந்திருந்தது. பிளக்குகளைத் திரும்ப மாட்டிவிட்டான். புது பேட்டரி. தோட்டத்துக் குழாயை என்ஜின் குளிர்விப்புக்கு இணைத்தாயிற்று. ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் ஓடவிட்டால் போதும். மறுநாள் காலை நேரே கழிக்குக் கொண்டுபோகலாம். அப்போது ஜீப்காரப் பையன் குனிந்து பார்த்துவிட்டு, அடியில் தண்ணீர் உறிஞ்சும் கம்பிவலையில் சேறு இறுகிக் கிடக்கிறது, இப்படியே கழியில் விட்டால் ஓடாது என்றான். "மச்சி, ஒரு பக்கமா சாச்சா கைய விட்டு எடுத்துடலாம்" என்றான். நான்கு பேரும் சேர்ந்து டிரெய்லரின் மேலேயே வண்டியை இடது பக்கம் சாய்த்துப் பிடித்தார்கள். மற்றவர்கள் பிடித்துக்கொள்ள, ஜீப்காரப் பையன் கையை விட்டு உருண்டை உருண்டையாகச் சேற்றை எடுத்தான். பிறகு பழையபடி நிமிர்த்தி வைத்தார்கள்.

சாய்ந்தபோது உள்ளே தண்ணீர் ஓடிய சத்தம் எனக்குக் கேட்டது. பாதி நிறைந்த குடத்தைச் சாய்த்தால் வருமே, அந்தச் சத்தம். இந்த வண்டியில் புகை வெளியே போகிற பாதையில் ஒரு பெட்டி உண்டு. அதில் எப்போதும் தண்ணீர் நிற்கும். என்ஜினை மட்டும் நாங்கள் வடித்திருந்தோம்; அந்தப் பெட்டியை வடிக்கவில்லை. எந்தப் பக்கம் சாய்க்கலாம் என்று அம்புக்குறி போட்ட ஒரு ஸ்டிக்கர் வண்டியின் பின்பக்கத்தில் இருந்தது. சேறு துடைத்தபோது நானே அதைப் படித்திருந்தேன். மாற்றிச் சாய்த்தால் பெட்டித் தண்ணீர் திரும்ப என்ஜினுக்குள் வரும். மாற்றித்தான் சாய்த்தார்கள்.

பிளக்குகளை மறுபடி கழற்றி ஒரு தடவை சுற்றினால் போதும். பத்து நிமிட வேலை. 'இரு' என்று ஒரு வார்த்தை.

நான் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டேன். இது நாற்பத்திரண்டாவதாக இருக்கும் என்று நினைத்தேன். எனக்குக் கேட்டது சரியா, குழாய்த் தண்ணீராக இருக்குமோ என்றும் நினைத்தேன். நண்பர்கள் முன்னால் சொல்லிவிட்டு, பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே காய்ந்து கிடந்தால், அவன் முகத்தில் என்ன வரும் என்றும் நினைத்தேன். மகன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தான். சாவிக் கயிற்றை மாட்டினான். கட்டைவிரலைப் பச்சைப் பட்டன்மேல் வைத்தான். வைத்துக்கொண்டே திரும்பி என்னைப் பார்த்தான். நண்பர்கள் "அமுக்குடா" என்றார்கள். அவன் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான். அப்புறம் அமுக்கினான்.

வந்தது ஒரே சத்தம். ஓட்டின்மேல் கல் விழுந்த மாதிரி. அதற்குப் பிறகு அவன் எத்தனை முறை அமுக்கியும் 'கிளிக்' மட்டும்தான் கேட்டது. நேரம் ஒன்பது பதினாலு.

ஞாயிற்றுக்கிழமை அவன் வண்டி இல்லாமலே விடுதிக்குப் போனான். சொல்லாமல் விடுவது மரியாதை இல்லை என்றான். விடுதிக்காரர் நல்ல மனிதர். டீ கொடுத்து, வருத்தப்பட்டு, இடத்தைக் காத்திருந்தவருக்குக் கொடுத்தார். அந்த இன்னொரு ஆளும் அங்கேயே இருந்தாராம். கைகொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்னான்.

செவ்வாய்க்கிழமை மெக்கானிக் உயிரோடு வந்தார். என்ஜினின் தலையைக் கழற்றி, நடு சிலிண்டரிலிருந்து ராடை உருவி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இன்னா சார் இது, கரும்பு மிஷின்ல உட்டு எடுத்தா மாதிரி வளைஞ்சிகீது. யாரு சாச்சது?"

"நான்தான் சாய்க்கச் சொன்னேன்" என்றான் மகன்.

அவன் சொல்லவில்லை, ஜீப்காரப் பையன் சொன்னான். அது எனக்குத் தெரியும். நான் அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. மெக்கானிக், இரண்டு லட்சத்துக்குள் முடித்துத்தர முடியும், முடியாமலும் போகலாம், காயலான் கடைக்குப் போட்டால் தூக்குக்கூலி மிச்சம் என்றார். வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருந்தது. மகன் கேட்டுப் பார்க்கலாமா என்றான். ஸ்டார்ட் செய்த வண்டிக்குக் கொடுக்க மாட்டார்கள் என்றேன். எனக்குத் தெரியாதா?

ஜனவரி கடைசியில் அவன் துபாய்க்குப் போனான். விமான நிலையத்தில் உள்ளே போகும்முன், வண்டியை வந்த விலைக்கு விற்றுவிடுங்கள் என்று மட்டும் சொன்னான். அவன் அம்மா பதினாறு நாள் அவன் தட்டையும் எடுத்து வைத்துவிட்டுத் திரும்ப அடுக்கினாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

நான் விற்கவில்லை. பிப்ரவரியில் ஒரு டெம்போ பிடித்து வண்டியை ஊரூர் குப்பத்தில் மெக்கானிக்கின் கொட்டகைக்குக் கொண்டுபோனேன். கிராங்க் ஷாஃப்டும் ராடும் கொச்சியிலிருந்து வரவேண்டியிருந்தது. வந்தது தப்பு அளவு. திருப்பி அனுப்பி மறுபடி வந்தது. சின்னச் சாமான்களுக்கு ஜி.பி. ரோடு முழுக்கக் கடை கடையாக அலைந்தேன். கேஸ்கெட் ஒன்றைத் தி. நகரில் ஒருவர் வெட்டித்தருவார் என்றார்கள். போனால் கடையைப் புடவைக்கடைக்காரர் வாங்கியிருந்தார். மெக்கானிக் என்ஜினைக் கோத்தபோது நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, கழற்றிய போல்ட்டுகளையும் மாட்டிய போல்ட்டுகளையும் எண்ணினேன். ஒன்று குறைந்தது. சொன்னேன். "நீ எண்ணிகினே இரு சார். நான் முடுக்கிகினே இருக்கேன். ரெண்டு பேர்ல யாரு மொதல்ல முடிக்கிறாங்கன்னு பாப்போம்" என்றார். அரை மணி கழித்து அந்தப் போல்ட் அவருடைய வெற்றிலைப் பையில் இருந்தது.

அங்கே நான் போன ஒவ்வொரு முறையும் வாய் ஓயவில்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னேன், வேண்டாததையும் சொன்னேன். அவர் ரேடியோவைக் கொஞ்சம் பெரிதாக வைத்துக்கொள்வார், அவ்வளவுதான். அவருக்குக் கை நடுங்கவில்லை. என் பேச்சு அவர் பிள்ளைப்பருவத்திலிருந்து கேட்ட பேச்சு இல்லையே.

ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் என்ஜின் ஓடியது. முதலில் இருமியது, வெள்ளைப் புகை விட்டது, பிறகு ஒரே சீராகப் பிடித்துக்கொண்டது. கொட்டகையின் தகரம் அதிர்ந்தது. கருவாடு காயப்போட்டிருந்த அம்மாள் வந்து, பெருசு எதையோ கிளப்பிட்டாரு போல என்று சொல்லிவிட்டுப் போனாள். போனை எடுத்து மகனைக் கூப்பிட்டேன். அவனுக்கு அது அலுவலக நேரம். எடுத்தான். நான் பேசாமல் போனை என்ஜின் பக்கம் நீட்டிப் பிடித்தேன். ஒரு நிமிடத்துக்கு மேல் பிடித்திருந்தேன்.

"சத்தம் நல்லா இருக்குப்பா" என்றான்.

மெக்கானிக்கை நிறுத்தச் சொல்லிவிட்டு, கடல் பக்கம் நடந்துபோய் ஒரு படகின் நிழலில் நின்றேன். ஆறு மாதமாக வயிற்றில் வைத்திருந்ததை அப்போதுதான் சொன்னேன்.

"அன்னிக்கு நீங்க சாச்சப்ப உள்ள தண்ணி ஓடின சத்தம் எனக்குக் கேட்டுது. நான் சொல்லல."

அந்தப் பக்கம் யாரோ கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. தனியிடத்துக்கு வந்திருப்பான்.

"எனக்கும் சந்தேகமாத்தான்பா இருந்துது. பட்டன் மேல விரல வெச்சுட்டு உங்களப் பாத்துட்டு இருந்தேனே, எதுக்குன்னு நெனச்சீங்க? நீங்க இருன்னு சொல்லுவீங்கன்னுதான். சொல்லலையா, அப்ப ஒண்ணும் இல்லன்னு அமுக்கிட்டேன்."

"நீதானே ஒண்ணும் சொல்ல வேணாம்னே."

"சொன்னேன். நான் சொல்லி நீங்க எப்பப்பா கேட்டிருக்கீங்க?"

அவன் சிரிக்கத்தான் பார்த்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறந்ததிலிருந்து நான் சொன்ன எச்சரிக்கைகளை அவன் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை என்று நான் நினைத்திருந்தேன். அவனோ, நான் பேசாமல் இருந்தால் ஆபத்து இல்லை என்று எடுத்துக்கொள்ளும் அளவுக்கு அதை நம்பியிருக்கிறான். ஒரே ஒரு தடவை நான் அவன் சொல்லைக் கேட்டேன்.

திரும்பி வருகிறாயா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்டேன். வண்டி ஓடுகிறது, வேறு துறை பார்க்கலாம், இந்த டிசம்பருக்குள் பிடித்துவிடலாம் என்றேன். அவன் நிதானமாகப் பேசினான். அங்கே மூன்று வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறான். வங்கிக் கடன் இருக்கிறது. அதோடு, தண்ணீர்ப் பக்கம் போகும் ஆசை இப்போது இல்லை என்றான். அதை அவன் சும்மா சொல்லவில்லை என்று குரலில் தெரிந்தது. வண்டியை நல்ல ஆளாகப் பார்த்துக் கொடுங்கள், நன்றாகக் கழுவி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று சொல்லி வைத்தான்.

ஜூலையில் பாண்டிச்சேரியிலிருந்து வந்த ஒருவர் வாங்கிக்கொண்டார். சாய்க்க வேண்டியது எந்தப் பக்கம் என்று ஸ்டிக்கரைக் காட்டி அவருக்கு ஆறு முறை சொன்னேன். ஆறாவது முறை அவர், புரிஞ்சிடுச்சு அய்யா என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். விற்ற பணம் முழுவதையும் மகனுடைய வங்கிக் கடனில் கட்டிவிட்டேன். பழுதுபார்த்த செலவு இது: கிராங்க் ஷாஃப்ட்டும் ராடும் எண்பத்து நாலாயிரம்; பிஸ்டன், பேரிங், கேஸ்கெட் முப்பத்தோராயிரத்து அறுநூறு; ஆயில், பிளக், பேட்டரி பன்னிரண்டாயிரத்து நானூற்று ஐம்பது; மெக்கானிக் கூலி இருபத்தெட்டாயிரம்; டெம்போவும் ஏற்றியிறக்கிய கூலியும் ஐயாயிரத்து ஐந்நூறு; குப்பத்துக்குப் போய்வந்த ஆட்டோ, இருபத்து மூன்று தடவைக்கு ஆயிரத்து எண்ணூற்று நாற்பது. ஆக என் கையிலிருந்து போனது ஒரு லட்சத்து அறுபத்து மூவாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூறு ரூபாய்.